சிவிலைசேஷன் 6: படையெடுத்து நாட்டை விரிவாக்க ஒரு தொடக்க வழிகாட்டி

சிவிலைசேஷன் 6 என்ற கணினி உத்தி விளையாட்டைப் புதிதாகத் தொடங்குவோர் பலர், வாரியர் எனும் தொடக்கநிலைப் படைகள் நாலைந்தைச் சேர்த்துக்கொண்டு அண்டை நாட்டின் தலைநகரை நோக்கிப் புறப்படுகிறார்கள். மதிலிலிருந்து பாயும் அம்புகளுக்கு அந்தப் படை இரையானதும், போர் என்பதே தமக்கு ஒத்துவராத வழி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. இந்த ஆட்டத்தில் போரின் முடிவு பெரும்பாலும் போரை அறிவிக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எந்த அண்டை நாட்டைத் தாக்குகிறோம், எந்தச் சுற்றில் தாக்குகிறோம், எந்தப் படைகளைக் கொண்டு செல்கிறோம், பிடித்த நகரத்தைத் தாங்கும் வலு நமக்கு இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளுக்கும் முன்கூட்டியே விடை வைத்திருப்பவர், களத்தில் பெரிய சாமர்த்தியம் எதையும் காட்டாமலே வெல்வார்.

ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கி 2016 அக்டோபரில் வெளிவந்த இந்த ஆட்டத்துக்கு 2018இல் ரைஸ் அண்ட் ஃபால், 2019இல் கேதரிங் ஸ்டார்ம் என இரண்டு பெரிய விரிவாக்கங்கள் வந்தன. இங்கே சொல்பவை இவ்விரண்டும் சேர்ந்த விதிகளுக்கு உரியவை. முதல் சில ஆட்டங்களைப் பிரின்ஸ் என்ற கடினத்தன்மை நிலையில் ஆடுவது நல்லது. அதற்கு மேற்பட்ட நிலைகளில் கணினிக்குக் கூடுதல் சலுகைகள் கிடைப்பதால், உங்கள் திட்டத்தில் குறை இருந்ததா, சலுகையால் தோற்றீர்களா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.

இலக்கையும் தொடக்கத்திலேயே தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். படைபலத்தால் வெல்லும் டாமினேஷன் வெற்றிக்கு எதிரிகளின் எல்லா நகரங்களும் தேவையில்லை. ஒவ்வொரு எதிரி நாடும் முதன்முதலில் நிறுவிய தலைநகரம் உங்கள் வசம் வந்தால் போதும். ஒரே நகரம் கொண்ட சிறு நாடுகளான நகர அரசுகள் இந்தக் கணக்கில் சேரா. ஆகவே வரைபடத்தில் நீங்கள் வகுக்கும் ஒவ்வொரு பாதையும் ஏதோவொரு தலைநகரத்தில் போய் முடிய வேண்டும்.

முதல் படி: வாளெடுக்கும் முன் நிலம்

எல்லை விரிவாக்கத்தில் மிக மலிவான வழி செட்லர் எனும் குடியேறியை அனுப்பிக் குடியேறுவதே. போரில் பிடிக்கும் நகரத்துக்கு உயிரும் தங்கமும் அண்டை நாடுகளின் பகையும் விலையாகின்றன. காலி நிலத்தில் நிறுவும் நகரத்துக்குக் கொஞ்சம் உற்பத்தியும் தாய்நகரத்தின் ஒரு குடிமகனும் மட்டுமே செலவு. செட்லரின் விலை ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போவதால் இந்த வேலையைத் தொடக்கத்திலேயே முடிப்பது நல்லது. முதல் போருக்கு முன் மூன்று அல்லது நான்கு சொந்த நகரங்கள் இருக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. ஒரே நகரத்தை வைத்துப் போருக்குப் போகிறவர் ஒரு படையை இழந்தால், அதற்கு மாற்றாக இன்னொன்று வந்து சேர்வதற்குள் எதிரி மதில் கட்டி முடித்துவிடுவான்.

ஆறு, ஏரி, பாலைச்சுனை ஆகியவற்றின் கரையில் அமையும் நகரத்துக்குத் தொடக்கத்தில் 5 வீட்டுவசதி கிடைக்கும். கடலோரத்தில் 3, நீரே இல்லாத இடத்தில் 2. இரண்டு நகரங்களுக்கு இடையே குறைந்தது மூன்று கட்டங்கள் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. படையெடுக்க எண்ணுபவர் அந்தக் குறைந்தபட்ச இடைவெளியை ஒட்டியே நகரங்களை நெருக்கமாக அமைப்பது பின்னர் பெரிதும் உதவும். நெருங்கிய நகரங்கள் ஒன்றுக்கொன்று காவலாகின்றன. லாயல்டி எனப்படும் குடிகளின் பற்றையும் ஒன்றுக்கொன்று உயர்த்துகின்றன. தாக்கப்போகும் நாட்டின் பக்கமாக ஒரு நகரத்தை முன்தள்ளி நிறுவினால், காயம்பட்ட படைகள் ஆறித் தேறவும், பழைய படைகளைப் புதிய வகைக்கு மாற்றவும் அதுவே தளமாகும். படைகளை மேம்படுத்துவது சொந்த எல்லைக்குள் மட்டுமே நடக்கும் என்பதால் இந்த முன்னணி நகரத்தின் மதிப்பு போர் தொடங்கியதும் நன்றாகப் புரியும்.

செட்லரைத் துணையின்றி அனுப்பாதீர்கள். எந்த நாட்டையும் சேராத பார்பேரியன்களின் முகாமிலிருந்து கிளம்பும் ஸ்கௌட் எனும் ஒற்றர்படை உங்கள் நகரத்தைக் கண்டுவிட்டு முகாமுக்குத் திரும்பினால் அடுத்துப் பெரும் தாக்குதல் வரும். அந்த ஸ்கௌட்டைத் திரும்பவிடாமல் வீழ்த்துவதே முதல் சுற்றுகளில் வாரியருக்கு உரிய வேலை.

இரண்டாம் படி: யாரை, எப்போது

அண்டை நாடுகளில் மிக அருகில் இருப்பதையே முதலில் தாக்க வேண்டும். தொலைவில் உள்ள செழிப்பான நகரம் கண்ணைக் கவரலாம்; ஆனால் அங்கே போய்ச் சேரும் படை பாதி வழியிலேயே பழமையாகிவிடும், பிடித்தாலும் நகரம் கையில் நிற்காது. அருகிலிருக்கும் இரண்டு நாடுகளில் ஒன்றைத் தேர வேண்டுமானால், மதில் இல்லாத நகரங்கள் எதில் அதிகம் என்று பாருங்கள். ஸ்கௌட்டை அந்த எல்லையோரம் நிறுத்தி வைத்தால் இது தெரியும்: நகரத்தின் பெயருக்கு மேல் உள்ள உயிர்ப்பட்டையோடு மதிலுக்கென்று இன்னொரு பட்டையும் தெரிந்தால் மதில் எழுந்துவிட்டது என்று பொருள்.

காலத்தைத் தேர்வதுதான் இந்த ஆட்டத்தில் படையெடுப்பின் உயிர்நாடி. புதிய வகைப் படை ஒன்று உங்கள் கைக்கு வந்து, அதற்கு ஈடான காவல் எதிரிக்கு இன்னும் வராத ஓர் இடைவெளி ஒவ்வொரு காலகட்டத்திலும் உண்டு. முதல் இடைவெளி, மதில்கள் எழும் முன் வில்லாளிகளான ஆர்ச்சர்களைக் கொண்டு செல்வது. இரண்டாவது, வாள்வீரரான ஸ்வார்ட்ஸ்மேனும் மதிலிடிக்கும் கருவியான பேட்டரிங் ராமும் சேர்ந்த கூட்டு. பின்னர் குதிரைவீரரான நைட்டும் குறுக்குவில் ஏந்திய கிராஸ்போவும் வரும் காலம், பீரங்கியான பாம்பார்டும் கடலில் போர்க்கப்பலான ஃப்ரிகேட்டும் வரும் காலம், கடைசியில் பலூன் துணையோடு ஆர்ட்டிலரியும் விமானங்களும் வரும் காலம் என்று அது தொடர்கிறது. இடைவெளி திறந்திருக்கும்போது தாக்குங்கள். மூடியதும் நிறுத்தி, அடுத்ததற்கு ஆராய்ச்சியைத் திருப்புங்கள். இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே வலிந்து போரிடுவதைவிட, அந்தச் சுற்றுகளை ஆராய்ச்சியை வளர்க்கும் கேம்பஸ் கட்டுவதில் செலவிடுவது எவ்வளவோ மேல்.

சேதக் கணக்கைப் புரிந்துகொண்டால் இடைவெளி ஏன் இத்தனை முக்கியம் என்பது விளங்கும். ஒவ்வொரு படைக்கும் முழு உயிர் 100. சம வலிமையுள்ள இரண்டு படைகள் நேருக்கு நேர் மோதினால் இரு பக்கமும் சராசரியாக 30 சேதம் விளையும். உங்கள் வலிமை 10 புள்ளி கூடுதலாக இருந்தால் நீங்கள் விளைவிப்பது ஏறக்குறைய 45, வாங்குவது 20. அந்த வேறுபாடு 20 ஆனால் 67க்கு 13. வேறுபாடு 30ஐத் தொட்டால் ஒரே மோதலில் எதிரிப் படை வீழும் அளவுக்குப் போகிறது. வலிமையில் சிறிதளவு மேலே இருப்பதன் பலன் நேர்கோட்டில் கூடாமல் பெருக்கமாகக் கூடுவதால், சமமான படைகள் பத்தைவிட ஒரு படி மேலான படைகள் ஐந்து அதிகம் சாதிக்கும்.

அந்தக் கூடுதல் புள்ளிகளைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். பொலிடிகல் ஃபிலாசஃபி எனும் பண்பாட்டு முன்னேற்றம் கிடைத்ததும் ஆலிகார்க்கி ஆட்சிமுறைக்கு மாறினால் நெருங்கிப் போரிடும் படைகளுக்கு 4 புள்ளி கூடும். என்காம்ப்மென்ட் எனும் படைத்தளம் கட்டிப் பெறும் கிரேட் ஜெனரல் எனும் தளபதி, தமக்குரிய காலகட்டத்துப் படைகளுக்கு இரண்டு கட்டத் தொலைவுவரை 5 புள்ளியும் ஒரு நகர்வும் தருவார். குன்றின் மேல் நின்று தற்காத்தால் 3, நகராமல் அரண் அமைத்து இரண்டு சுற்று நின்றால் 6. மாறாக, காயம்பட்ட படை உயிர் குறையக் குறைய 10 புள்ளிவரை வலிமை இழக்கும். ஆகவே பாதி உயிரோடு இருக்கும் படையை இன்னொரு முறை மோதவிடும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: படை திரட்டல்

முதல் போருக்கு நான் பரிந்துரைப்பது நான்கு ஆர்ச்சர்கள், மூன்று நெருக்கப் போர்ப் படைகள், எதிரியிடம் மதில் இருந்தால் ஒரு பேட்டரிங் ராம். இதைவிடச் சிறிய படை ஒரு நகரத்தோடு ஓய்ந்துவிடும். பெரிய படைக்கு ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படை மட்டுமே நிற்கலாம் என்ற விதியால் முன்னணியில் இடமே கிடைக்காது.

இவற்றை மலிவாகப் பெற ஒரு நல்ல வழி இருக்கிறது. முதலில் கவண்வீரரான ஸ்லிங்கர்களை உருவாக்குங்கள்; அவற்றில் ஒன்று பார்பேரியன் படை எதையாவது வீழ்த்தினால் ஆர்ச்சரி ஆராய்ச்சி 40 விழுக்காடு விரைவுபடும். ஆராய்ச்சி முடிந்ததும் தங்கம் கொடுத்து எல்லா ஸ்லிங்கர்களையும் ஆர்ச்சர்களாக மாற்றிவிடலாம். கிராஃப்ட்ஸ்மேன்ஷிப் தரும் அகோஜே கொள்கை அட்டை, தொடக்ககால நெருக்கப் போர்ப் படைகளுக்கும் தொலைவிலிருந்து தாக்கும் எறிபடைகளுக்கும் உற்பத்தியை 50 விழுக்காடு உயர்த்தும். படை உருவாக்கும் சுற்றுகளில் அந்த அட்டை இல்லாமல் இருப்பது வீண் இழப்பு.

இரும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு ஸ்வார்ட்ஸ்மேனை நேரடியாக உருவாக்க 20 இரும்பு தேவை. ஒரு சுரங்கம் ஒரு சுற்றுக்கு 2 இரும்பு தருகிறது. ஒரே சுரங்கம் இருந்தால் பத்துச் சுற்றுக்கு ஒரு படை என்பதே உங்கள் வேகம். எனவே வெண்கலத் தொழிலான பிரான்ஸ் வொர்க்கிங் ஆராய்ச்சி முடிந்து இரும்பு வரைபடத்தில் தெரிந்த உடனே சுரங்கம் தோண்டிச் சேமிப்பைத் தொடங்குங்கள். சேமிப்புக்குத் தொடக்கத்தில் 50 என்ற உச்சவரம்பு உண்டு. அதைத் தொட்டபின் வருவதெல்லாம் வீணாகும். இரும்பே இல்லாத நாட்டுக்குச் சிறந்த பதில், இரும்பை வேண்டாத, கல்லெறியும் கருவியான கேட்டபுல்ட்டும் ஆர்ச்சருமே.

நான்காம் படி: போரை முறைப்படி அறிவித்தல்

திடீர்ப் போர் மற்ற நாடுகளின் மனத்தில் கிரீவன்ஸ் எனப்படும் மனக்குறைப் புள்ளிகளை மிக அதிகமாகச் சேர்க்கிறது. உள்நாட்டில் போர்ச்சலிப்பையும் கூட்டுகிறது. அதனால் தாக்க எண்ணும் நாட்டை முதலில் பகிரங்கமாகக் கண்டியுங்கள். 5 சுற்றுகள் கழிந்ததும் ஃபார்மல் வார் அறிவிக்கும் வாய்ப்பு திறக்கும். அந்த ஐந்து சுற்றுகள் படையை எல்லைக்கு நடத்திச் செல்லப் போதுமானவை என்பதால் இதில் உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. சந்திரகுப்தரைத் தலைவராகத் தேர்ந்தவர்களுக்கு மிலிட்டரி டிரெய்னிங் கிடைத்ததுமே எல்லை விரிவாக்கப் போரை அறிவிக்கும் தனி உரிமை உண்டு. அதை அறிவித்த முதல் 10 சுற்றுகளுக்கு அவருடைய படைகள் 2 நகர்வும் 5 வலிமையும் கூடுதலாகப் பெறும். படையெடுப்பைக் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்ற தலைவர் அவர் என்பேன்.

ஐந்தாம் படி: முற்றுகை

இங்கேதான் பொறுமை வேண்டும். நகர மையத்துக்கு உயிர் 200. மதில் இருந்தால் அதற்கென்று தனி உயிர் உண்டு. மதில் உள்ள நகரம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கட்டத் தொலைவுக்குள் இருக்கும் படை ஒன்றைத் தாக்கவும் செய்யும். வாள்வீச்சின் சேதத்தில் மிகச் சிறு பங்குதான் மதிலைப் பாதிக்கும். அம்பின் சேதமும் பாதிதான் ஏறும். கேட்டபுல்ட் போன்ற முற்றுகைக் கருவிகளின் அடி மட்டுமே முழுதாக இறங்கும். பேட்டரிங் ராம் நகரத்துக்கு அடுத்த கட்டத்தில் நின்றால், அந்நகரத்தை நெருங்கித் தாக்கும் காலாட்படைகளின் அடியும் மதில்மேல் முழுதாக விழும். ஆனால் அது முதல் வகை மதிலுக்கு மட்டுமே உதவும். இடைக்கால மதிலுக்கு முற்றுகைக் கோபுரமான சீஜ் டவர் வேண்டும். அதற்கும் மேற்பட்ட மதில்களுக்குப் பாம்பார்ட் போன்ற பீரங்கிகள்தான் வழி.

முற்றுகையை இந்த ஒழுங்கில் நடத்துங்கள். முதல் சுற்றில் எல்லாப் படைகளும் நகரத்திலிருந்து மூன்று கட்டத் தொலைவில், அதன் அம்புக்கு எட்டாத இடத்தில் கூடட்டும். ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேரும் படை ஒன்றன்பின் ஒன்றாகவே அழியும் என்பதால், கடைசிப் படை வந்து சேரும்வரை ஒருவரும் முன்னேறக் கூடாது. அடுத்த சுற்றில் நெருக்கப் போர்ப் படைகள் நகரத்தை ஒட்டிய கட்டங்களுக்குச் செல்லட்டும். ராம் அவற்றில் ஒன்றோடு அதே கட்டத்தில் சேர்ந்து நிற்கலாம். ஆர்ச்சர்களும் கேட்டபுல்ட்டுகளும் அவற்றுக்குப் பின்னால், நகரத்திலிருந்து இரண்டாம் கட்டத்தில், இடையே காடோ குன்றோ பார்வையை மறைக்காத இடம் பார்த்து நிற்க வேண்டும். கேட்டபுல்ட் நகர்ந்த சுற்றிலேயே எறிய இயலாது. அது எறியத் தொடங்குவது மூன்றாம் சுற்றில்தான். கிரேட் ஜெனரல் அருகிலிருந்து அதன் நகர்வு ஒன்று கூடினால் இந்தத் தடை நீங்கும் என்பதால், அவரை எப்போதும் கருவிகளோடு நடத்திச் செல்லுங்கள்.

நகரத்தைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களும் உங்கள் படைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டால், நகரம் சுற்றுக்கு 20 வீதம் உயிர் மீட்பது நின்றுவிடும். இதற்கு ஆறு படைகள் தேவையில்லை. ஒவ்வொரு நெருக்கப் போர்ப் படையும் தன் பக்கத்துக் கட்டங்களையும் கட்டுப்படுத்துவதால், நகரத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு படைகள் நின்றாலே வளையம் மூடிவிடும். ஆறோ கடலோ குறுக்கிட்டால் மட்டும் கூடுதலாக ஒன்று தேவைப்படும். எறிபடைகளுக்கு இந்தக் கட்டுப்பாட்டு வலு கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. மதிலோ தானாக மீள்வதில்லை. மூன்று சுற்றுகள் தாக்குதலே இல்லாமல் இருந்தால்தான் நகரம் அதைப் பழுதுபார்க்க முடியும். ஆகையால் எந்தச் சுற்றிலும் குறைந்தது ஓர் அம்பாவது பாய வேண்டும்.

எறிபடையும் கருவியும் நகரத்தைப் பிடிக்க முடியாது. இறுதி அடியைக் கொடுத்து உள்ளே நுழைய ஒரு நெருக்கப் போர்ப் படையையோ குதிரைப் படையையோ காயமின்றிக் காத்து வையுங்கள். மற்றவை களைத்தால் பின்வாங்கி ஆறட்டும்: எதிரி நிலத்தில் ஒரு சுற்றுக்கு 5 உயிர்தான் மீளும், எவருக்கும் உரிமையில்லாத நிலத்தில் 10, சொந்த நிலத்தில் 15. இந்த மெதுவான வேகத்தை ஈடுசெய்ய இரண்டு உபாயங்கள் உண்டு. எதிரியின் வயலைச் சூறையாடினால் அந்தப் படைக்கு 50 உயிர் உடனே கிடைக்கும். அனுபவத்தால் பதவி உயர்வு கிடைத்த படை அதை ஏற்கும் சுற்றிலும் 50 உயிர் மீளும். எனவே உயர்வு கிடைத்த உடனே அதை ஏற்காமல், அந்தப் படை காயப்படும்வரை ஒத்திவைப்பது முற்றுகையில் பெரிய உதவி.

ஆறாம் படி: பிடித்ததைத் தக்கவைத்தல்

நகரம் விழுந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது புதியவர்களின் பொதுவான தடுமாற்றம். பிடித்த நகரத்தின் லாயல்டி, 9 கட்டத் தொலைவுக்குள் உள்ள எல்லா நகரங்களின் மக்கள்தொகையாலும் இழுபடுகிறது. தொலைவு ஒவ்வொரு கட்டம் கூடும்போதும் அந்த இழுப்பு 10 விழுக்காடு குறைகிறது. எதிரியின் பெரிய நகரங்கள் நடுவே சிறு நகரம் ஒன்றைப் பிடித்தால், சில சுற்றுகளில் அதன் லாயல்டி சுழியாகி அது தனி நகரமாகப் பிரிந்துபோகும். அதனால் பிடிக்கும் வரிசை முக்கியம்: உங்கள் எல்லையை ஒட்டியதிலிருந்து தொடங்கி, ஒன்றையொன்று தாங்கும் கொத்தாகப் பிடியுங்கள். பெரும் மக்கள்தொகை கொண்ட தலைநகரம் விரைவில் எட்டக்கூடியதாக இருந்தால் அதை முதலில் எடுப்பதும் நல்லது. அது இழுக்கும் திசையே மாறி, சுற்றியுள்ள சிறு நகரங்கள் எதிரியின் கையிலேயே தள்ளாடத் தொடங்கும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது ஆளுநர் ஒருவரை அனுப்புவது. பொறுப்பேற்ற ஆளுநர் சுற்றுக்கு 8 லாயல்டி தருகிறார். விக்டர் என்ற ஆளுநர் 3 சுற்றில் பொறுப்பேற்றுவிடுவார். மற்றவர்களுக்கு 5 சுற்றுகள் ஆகும். விக்டருக்கு காரிசன் கமாண்டர் உயர்வும் இருந்தால் 9 கட்டத்துக்குள் உள்ள உங்கள் மற்ற நகரங்களுக்கும் 4 லாயல்டி கிடைக்கும். படையெடுப்பாளருக்கு முதல் ஆளுநர் விக்டர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. லிமிட்டானே கொள்கை அட்டை இருந்தால், உள்ளே ஒரு படையை நிறுத்திய நகரம் மேலும் 2 பெறும். நகரத்தில் மான்யுமென்ட் எனும் நினைவுச்சின்னம் சிதைந்திருந்தால் அதைச் சரிசெய்வதே முதல் உற்பத்தியாக இருக்கட்டும். இருண்ட காலத்தில் உங்கள் குடிகளின் இழுப்பு பாதியாகவும் பொற்காலத்தில் ஒன்றரை மடங்காகவும் மாறுவதால், பெரிய படையெடுப்பை முடிந்தவரை இருண்ட காலத்தில் தொடங்காதீர்கள்.

எவ்வளவு முயன்றாலும் நிற்காது என்று கணக்கு காட்டும் நகரத்தை இடித்துவிடலாம். பின்னர் அங்கே உங்கள் செட்லரே குடியேறலாம். ஆனால் இடிப்பதால் மனக்குறை மிகும். மூலத் தலைநகரங்களை இடிக்க ஆட்டம் அனுமதிக்காது.

போர் நீள நீளச் சலிப்பு கூடி நகரங்களின் வசதிப் புள்ளிகளைத் தின்னும். அயல் நிலத்தில் நடக்கும் ஒவ்வொரு மோதலும், இழக்கும் ஒவ்வொரு படையும் அதைக் கூட்டுகின்றன. இரண்டு மூன்று நகரங்கள் கைக்கு வந்து, படை பாதியாகக் களைத்திருக்கும் நிலையில் சமாதானம் பேசுங்கள். பிடித்த நகரங்களை எதிரி முறையாக விட்டுக்கொடுப்பதை ஒப்பந்தத்திலேயே சேர்க்க மறக்காதீர்கள். அந்த அமைதிக் காலத்தில் படைகளைப் புதிய வகைக்கு மாற்றுங்கள். மெர்சனரீஸ் தரும் புரொஃபெஷனல் ஆர்மி கொள்கை அட்டை மாற்றும் செலவைப் பாதியாக்கும். மாற்றும் ஒரு சுற்றுக்கு அதைச் செருகி, பின் எடுத்துவிட்டால்கூடப் போதும்.

கடல் கடந்த தலைநகரங்கள்

உங்கள் கண்டம் கைக்கு வந்தபின் எஞ்சியவை பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருக்கும். ஷிப்பில்டிங் ஆராய்ச்சி முடிந்திருந்தால் தரைப்படை கரையோர நீரில் செல்லலாம். ஆழ்கடலைக் கடக்கக் கார்ட்டோகிராஃபி வேண்டும். கடலில் மிதக்கும் தரைப்படை மிகப் பலவீனமானது என்பதால் போர்க்கப்பல்கள் முன்னே செல்ல வேண்டும். எதிரியின் தலைநகரம் கரையில் இருந்தால் தரைப்படையே தேவைப்படாமல் போகலாம்: ஸ்கொயர் ரிக்கிங் தரும் ஃப்ரிகேட்டுகள் நாலைந்து சேர்ந்து இரண்டு கட்டத் தொலைவிலிருந்து மதிலைத் தகர்க்க, ஒரு கேரவல் கப்பல் உள்ளே நுழைந்து நகரத்தைப் பிடித்துவிடும். ஃப்ரிகேட்டுக்கு நைட்டர் எனும் வெடியுப்பு வேண்டும் என்பதால் அதன் சேமிப்பை முன்பே தொடங்குங்கள். எதிரி ஸ்டீல் ஆராய்ச்சியை முடித்துவிட்டால் அவனுடைய எல்லா நகரங்களும் தாமாகவே வலுவான அரண் பெற்றுவிடும். ஆகவே கடற்படையெடுப்பை அதற்கு முன் முடிப்பது பாதி உழைப்பை மிச்சப்படுத்தும்.

வேறொரு நாடு ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் தலைநகரத்தையும் நீங்களே கைப்பற்றியாக வேண்டும். உலகத் தரவரிசைத் திரையின் டாமினேஷன் பக்கத்தில் எந்தத் தலைநகரம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு போரையும் அறிவிக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரே நாட்டின் கையில் இரண்டு மூன்று தலைநகரங்கள் இருப்பது தெரியவந்தால், அடுத்த படையெடுப்பு அந்த நாட்டின் மீதே.